சலவை இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கிணற்றடியைப் பாருங்கள்

எங்கள் வீட்டின் முதலாவது சலவை இயந்திரம் 14 மாதங்கள் ஓடியது. அதன் பிறகு 10 மாதங்கள் சமையலறை மூலையில் சும்மா நின்றது. அந்த 10 மாதமும் அதற்கான தவணைக் காசைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். அம்மா அதன் மேல் ஒரு பழைய சீலையை விரித்து, அரிசி வாளியையும் மாப் பேணியையும் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் "மெசின் இருக்குத்தானே" என்பார்கள். "ஓம், இருக்கு" என்று அம்மா சொல்லுவார். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார்.

அது மோசமான இயந்திரம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்குப் பொருந்தாத இயந்திரம். கடையில் கேட்கவேண்டியதை நாங்கள் கேட்கவில்லை. வீட்டில் பார்க்கவேண்டியதை அதைவிடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை வாங்குவதற்கு முன் திருகோணமலை நகரில் பழுது பார்க்கிறவர்களிடமும், அன்புவழிபுரத்தில் ஏற்கனவே இயந்திரம் பாவிக்கும் வீடுகளிலும் போய்க் கேட்டுக் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புகளுடன், படித்து அறிந்துகொண்டவற்றையும் சேர்த்து எழுதுகின்றேன். சலவை இயந்திரம் என்பது மாதக் கணக்கில் கடன் பட்டு வாங்கும் பொருள். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தக் கடனுக்கு வேறு பல கடன்களும் துணையாக இருக்கின்றன.

யார் தோய்க்கிறார்கள்?

எங்கள் வீட்டில் 7 பேர். அம்மா, அம்மம்மா, அக்கா, அத்தான், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், நான். அம்மாவின் வலது தோளில் 2006 ஆம் ஆண்டு ஷெல் துண்டு பட்டது. மூதூர் கிழக்கிலிருந்து வெளிக்கிட்டு, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் அன்புவழிபுரத்தில் வந்து இருந்தோம். முகாமில் பவுசர் வருகிற நாளில்தான் உடுப்புத் தோய்க்கலாம். அந்த நாட்களிலேயே அம்மாவால் ஈரச் சீலையைப் பிழிய முடியாமல் போய்விட்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. அம்மம்மா இப்போது படுக்கையில். அவருடைய விரிப்புகளை ஒரு நாளில் இரண்டு தடவை மாற்றவேண்டி வரும். அக்காவுக்கு வைத்தியசாலையில் முறை வேலை. அத்தான் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை.

அந்த வெள்ளைச் சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் சலவைக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகின்றது. வெள்ளையை மற்ற உடுப்புகளுடன் போட முடியாது, அடுத்த நாளைக்கும் வைக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு சோடிதான் இருக்கிறதென்றால் மழையோ வெயிலோ ஒவ்வொரு நாளும் தோய்த்தே ஆகவேண்டும்.

சுவீடன் நாட்டுப் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010 ஆம் ஆண்டு சலவை இயந்திரத்தைப் பற்றியே ஒரு உரை நிகழ்த்தினார். அவருடைய வீட்டுக்கு முதல் இயந்திரம் வந்த நாளில், வாழ்நாள் முழுவதும் விறகு எரித்துத் தண்ணீர் சுடவைத்துத் தோய்த்த அவருடைய பாட்டி அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, தோய்த்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். மிச்சமான நேரத்தில் அவருடைய அம்மா அவரை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்பதுதான் உரையின் மையம். எங்கள் அம்மாவுக்கு மிச்சப்படவேண்டியது நேரம் மட்டுமல்ல, தோளும்தான்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் தீர்மானிக்கவேண்டிய முதல் விடயம், இதை இயக்கப் போகிறவர் யார், அவருடைய உடம்பு எதற்கு இடம் கொடுக்கும் என்பது. எத்தனை கிலோ, என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று வகை, மூன்று விதமான வேலை

கடையில் மூன்று வகை இருக்கின்றது. இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஓட்டோ. மேலே மூடியுள்ள டொப் லோட். முன்னால் வட்டக் கதவுள்ள ஃப்ரொன்ட் லோட். 

செமி ஓட்டோவில் ஒரு தொட்டியில் உடுப்புத் தோயும், மற்றத் தொட்டியில் பிழிபடும். தண்ணீரை வாளியால் ஊற்றலாம். குழாயில் அழுத்தம் தேவையில்லை. தோய்க்கும்போது கரண்ட் போனால் வந்த பிறகு குமிழைத் திருப்பினால் போதும். உள்ளே பெரிய மின்னணுப் பலகை எதுவும் இல்லாததால் பழுதுகள் சிறியவை: பட்டி அறுதல், டைமர் பழுது, பிழியும் பக்கத்து பிரேக் தேய்தல். சவர்க்காரத் தண்ணீரை உடனே ஊற்றிவிடாமல் முதலில் வெள்ளை, பிறகு நிற உடுப்பு, கடைசியில் கடலுக்குப் போகும் உடுப்பு என்று ஒரே தண்ணீரில் மூன்று சுற்றுப் போடலாம். தொட்டி சிறியதாகவும் வேகம் நிமிடத்துக்கு 1300 சுற்று அளவிலும் இருப்பதால் நன்றாகப் பிழியும். உடம்பு பிளாஸ்ரிக் என்பதால் கடற்காற்றுக்குத் துருப்பிடிப்பதும் குறைவு. கிணற்றையும் அடிக்கடி போகும் கரண்டையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது பழுது பார்க்கிறவர்களின் ஏகோபித்த கருத்தாக இருந்தது. கடைக்காரர்கள்தான் இதை மூலையில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விடயம் இருக்கின்றது. தோய்த்த ஈர உடுப்பை ஒரு தொட்டியிலிருந்து மற்றத் தொட்டிக்குக் கையால் தூக்கிப் போடவேண்டும். அலசுவதற்குத் திரும்பவும் தூக்கவேண்டும். ஈரமான பெரிய பெட்ஷீற் ஒன்று இரண்டு, மூன்று கிலோ வரும். இரண்டு கையும் சரியாக இருக்கிற ஆளுக்கு அது பெரிய வேலையல்ல. ஒரு கையை இழந்தவருக்கும், தோள் எழும்பாதவருக்கும், பொய்க்காலில் நின்று வேலை செய்கிறவருக்கும் அதுதான் முழு வேலையும். இந்தப் பக்கத்தை வாசிக்கும் வீடுகளில் அப்படியான ஒருவர் இருப்பது புதினமல்ல. காட்டாத விளம்பரங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்களே யோசிக்கவேண்டும்.

டொப் லோட் தானாகத் தண்ணீர் எடுத்து, தோய்த்து, அலசி, பிழிந்து தரும். நின்றபடியே உடுப்பைப் போடலாம், எடுக்கலாம். பாதியில் மூடியைத் திறந்து மறந்துபோன சட்டையைப் போடலாம். ஆனால் தண்ணீர் குடிக்கும். 7 கிலோ இயந்திரம் ஒரு தடவைக்கு 100 தொடக்கம் 150 லீற்றர் வரை எடுக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதன் அடி எட்டாது.

ஃப்ரொன்ட் லோட் அதே உடுப்பை 45 தொடக்கம் 60 லீற்றர் தண்ணீரில் தோய்த்துவிடும். உடுப்பும் குறைவாகத் தேயும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, இயந்திரத்தை ஒரு சிறு மேடையில் வைத்தால், இதுதான் வசதி. உள்ளே ஹீற்றர் இருப்பதால் படுக்கையில் இருக்கும் நோயாளியின் விரிப்புகளை 60 பாகை செல்சியஸ் சூட்டில் தோய்க்கலாம். எங்கள் வீட்டுக்கு நாங்கள் முதலில் வாங்கியது இதைத்தான். அம்மம்மாவை நினைத்து வாங்கினோம். காரணம் சரி. தண்ணீர்த் தொட்டிதான் பிழை.

தண்ணீர்

திருகோணமலை நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்துத் தருகின்றது. அதோடு பல வீடுகளில் கிணறும் இருக்கும். குடிக்கக் குழாய்த் தண்ணீர், குளிக்கவும் தோய்க்கவும் கிணறு என்பதுதான் வழக்கம். இயந்திரம் வந்ததும் இந்த வழக்கம் குழம்பும். நாளுக்கு ஒரு தடவை டொப் லோட் ஓடினால் மாதத்துக்கு 3000 தொடக்கம் 4500 லீற்றர், அதாவது 3 தொடக்கம் 4.5 அலகு தண்ணீர், பட்டியலில் கூடும். கிணற்றுத் தண்ணீரை மோட்டாரால் மேல் தொட்டிக்கு ஏற்றி எடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அங்கே இரண்டு சிக்கல் வரும்.

முதலாவது அழுத்தம். இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டிலோ கைநூலிலோ ஆகக் குறைந்த நீர் அழுத்தம் எழுதப்பட்டிருக்கும். 0.03 மெகாபாஸ்கல் அல்லது 0.05 மெகாபாஸ்கல் என்று இருக்கலாம். தொட்டித் தண்ணீரின் அழுத்தம் உயரத்தால் வருவது. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 மெகாபாஸ்கல். ஆகவே 0.03 என்றால் இயந்திரத்தின் குழாய் வாயிலிருந்து தொட்டித் தண்ணீர் 3 மீற்றர், அதாவது 10 அடி, மேலே நிற்கவேண்டும். 0.05 என்றால் 16 அடி. எங்கள் வீட்டுத் தொட்டி குளியலறைக் கூரையில் இருந்தது. இயந்திரத்துக்கு மேலே 6 அடிகூட இல்லை. இயந்திரம் தண்ணீர் வரும்வரை காத்திருக்கும், பிறகு பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். நாங்கள் அணைத்துத் திரும்பப் போடுவோம். நாளுக்கு நான்கு, ஐந்து தடவை இந்தக் கூத்து.

வீட்டிலேயே சோதிக்கலாம். இயந்திரம் வரப்போகும் இடத்துக் குழாயை முழுதாகத் திறந்து 10 லீற்றர் வாளியை வையுங்கள். நிரம்ப 2 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் ஃப்ரொன்ட் லோட்டை மறந்துவிடுங்கள், அல்லது முதலில் தொட்டியை உயர்த்துங்கள். சிறிய அழுத்த மோட்டார் பூட்டுவது மூன்றாவது வழி. ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும், அதுவும் ஒரு நாள் பழுதாகும்.

இரண்டாவது, தண்ணீரின் குணம். ஒரு போத்தலில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீரும், இன்னொன்றில் பாதிக்கு மழைத் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை பொங்கும். கிணற்றுப் போத்தலில் நுரை குறைந்து, பாலாடை போல வெள்ளையாகத் திரண்டால் அது கடினத் தண்ணீர். அதில் தூள் கூடுதலாகச் செலவாகும், ஹீற்றரில் கல் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடுப்புப் போடாமல் சிற்றிக் அமிலத் தூளுடன் சூட்டில் ஒரு சுற்று ஓடவிட்டால் கல் கரையும்.

அள்ளும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் விடியும்போது வாளியில் மஞ்சளாகிப் போகிறதா? அது இரும்புத் தன்மை. அப்படியான தண்ணீரில் வெள்ளைச் சீருடைக்குக் குளோரின் கலந்த வெளிற்றியைப் போடவே கூடாது. இரும்பு உடனே துருவாக மாறி நூலில் ஊறிவிடும். சட்டை வெள்ளையாக வேண்டுமென்று போட்டு மஞ்சளாக்கிய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அந்தக் கறைக்குத் தேசிக்காய்ப் புளிதான் மருந்து. பூசிக் கொஞ்ச நேரம் விட்டு நன்றாக அலசவேண்டும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் இயந்திரத்தின் பின்பக்கம் குழாய் பூட்டும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். மாரியில் கிணறு கலங்கும் காலத்தில் அதை மாதம் ஒருமுறை கழற்றி, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தண்ணீர் வரவில்லை என்று ஆளைக் கூப்பிடும் வீடுகளில் பாதி இடத்தில் அந்த வலையைக் கழுவிவிட்டுத்தான் வருவதாக ஒரு பழுது பார்ப்பவர் சிரித்துக்கொண்டு சொன்னார். கூலி வாங்காமல் வருகிறாரா என்று நான் கேட்கவில்லை.

கரண்ட்

2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டதையும் மறக்கவில்லை. இயந்திரத்தைக் கொல்வது இருட்டு அல்ல. கரண்ட் திரும்பி வரும் அந்தக் கணம்தான்.

வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ற். அதில் 6 வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216 தொடக்கம் 244 வரை. எல்லோரும் விளக்கும் மின்விசிறியும் போடும் பின்னேரத்தில், ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் அது குறையும். விளக்கு மங்குவதைப் பார்த்தே சொல்லலாம். கரண்ட் போய்த் திரும்பும்போது ஒரு கணம் கூடுதலாகப் பாய்ந்தால் மின்னணுப் பலகை எரியும். எங்கள் இயந்திரத்தின் முடிவும் அப்படித்தான். புதுப் பலகைக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். பங்குனி, சித்திரை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் பாவிக்காத நேரம் கழற்றியே வையுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால், ஹீற்றர் இல்லாத இயந்திரத்துக்கு 1 கேவிஏ அளவு போதும். ஹீற்றர் உள்ளதற்கு 3 கேவிஏ வேண்டும், அதன் விலையையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். சிறியதை வாங்கிப் பூட்டினால் அது வெறும் அலங்காரம்.

எர்த் வயர். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். மீள்குடியேற்றத்தின்போது அவசரமாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் எர்த் சரியாக இல்லை, அல்லது கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்துவிட்டது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று தொடும் பொருள் இது. தொட்டால் "சுள்" என்று இலேசாக அடிக்கிறது என்றால் அது இலேசான விடயமல்ல. மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்த பிறகுதான் இயந்திரம் ஓடவேண்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்துக் கம்பி இழுத்துத் தருகிற கெட்டிக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஹீற்றர் உள்ள இயந்திரத்தை 5 அம்பியர் பிளக்கில் போடுவதும் கூடாது. 2000 வோற் ஹீற்றர் 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும்.

கரண்ட் பட்டியல் பற்றிய பயம் பாதிதான் உண்மை. குளிர்ந்த தண்ணீரில் தோய்த்தால் செமி ஓட்டோவோ டொப் லோட்டோ ஒரு தடவைக்கு 0.1 தொடக்கம் 0.2 அலகுதான் எடுக்கும். நாளுக்கு ஒரு தடவை என்றாலும் மாதத்துக்கு 6 அலகைத் தாண்டாது. சூட்டில்தான் செலவு. 28 பாகையில் இருக்கும் 15 லீற்றர் தண்ணீரை 60 பாகைக்குச் சுடவைக்க மட்டும் அரை அலகுக்கு மேல் வேண்டும், மோட்டாருடன் சேர்த்து ஒரு அலகுக்குக் கிட்ட வரும். ஒவ்வொரு நாளும் அப்படி ஓட்டினால் மாதத்துக்கு 30 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவதால், அந்த 30 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். எங்கள் ஊர்த் தண்ணீர் குழாயிலேயே வெதுவெதுப்பாகத்தான் வருகின்றது. நோயாளியின் விரிப்புகளைத் தவிர வேறெதற்கும் சூடு தேவையில்லை.

எத்தனை கிலோ?

பெட்டியில் எழுதியிருக்கும் கிலோ, காய்ந்த உடுப்பின் நிறை. அதுவும் பருத்தித் துணிக்குத்தான். இரண்டு நாள் உடுப்பை ஒரு பெட்ஷீற்றில் மூட்டையாகக் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கும் தராசில் ஏறுங்கள். பிறகு மூட்டை இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம்தான் உங்கள் கணக்கு. எங்களுக்கு ஆறரை கிலோ வந்தது. ட்ரம்மை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதால் 8 அல்லது 9 கிலோ போதும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு 12 கிலோ இயந்திரத்தைத் தலையில் கட்டுவதும் நடக்கின்றது.

தறப்பாள், மழைக்கோட்டு, ரப்பர் விரிப்பு போன்ற தண்ணீர் புகாத பொருட்களை எந்த இயந்திரத்திலும் பிழியப் போடாதீர்கள். தண்ணீர் உள்ளே பை போல அகப்பட்டு ட்ரம் சமநிலை இழக்கும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சுங் நிறுவனம் சுமார் 28 இலட்சம் டொப் லோட் இயந்திரங்களைத் திருப்பி அழைத்தது, பிழியும்போது அதிர்ந்து மேல் மூடி கழன்றுவிடலாம் என்பதற்காக. பெரிய நிறுவனத்தின் புதுப் பொருளுக்கே அப்படி என்றால் அத்தானின் கடல் மழைக்கோட்டைக் கல்லில் போட்டுத் தேய்ப்பதுதான் நல்லது.

எந்தக் கம்பனி?

எல்லோரும் கேட்கும் கேள்வி. சிங்கர், எல்.ஜி விற்கும் அபான்ஸ், இனோவெக்ஸ் விற்கும் டம்ரோ, சொஃப்ட்லொஜிக் என்று இலங்கை முழுவதும் கிளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்கர் 1877 இலேயே தையல் இயந்திரத்துடன் இலங்கைக்கு வந்த பெயர். அதன் துணை நிறுவனமான ரெக்னிஸ் உள்நாட்டிலும் வீட்டு இயந்திரங்களைத் தயாரிக்கின்றது. ரெக்னிஸ் என்பது சிங்கரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் வருவது.

பெயரைவிட முக்கியமானது, அந்த மொடலுக்குத் தண்ணீர் வெளியேற்றும் பம்பும், பட்டியும், மின்னணுப் பலகையும் திருகோணமலையில் கிடைக்குமா என்பதுதான். கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றால் எத்தனை நாள்? கடையில் கேட்டால் "உடனே வரும்" என்பார்கள். அதனால் பழுது பார்ப்பவரிடம் முதலில் போங்கள். எது நல்லது என்று கேட்காதீர்கள், அவரவருக்கு ஒரு விருப்பம் இருக்கும். எந்த மொடலின் பாகம் இப்போது உங்கள் கடையில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கொரோனா காலத்திலும் 2022 நெருக்கடியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பாகம் இல்லாமல் கிடந்த இயந்திரங்களை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

"10 வருட உத்தரவாதம்" என்று பெரிதாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். மோட்டார் அவ்வளவு இலேசில் பழுதாவதில்லை. பழுதாவது மின்னணுப் பலகை, பம்ப், பெயரிங். அவற்றுக்கு எத்தனை மாதம், ஆள் வரும் கூலி யாருடையது, மின்னழுத்தத்தால் பழுதானால் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டு, பதிலை விற்பனையாளரைக் கொண்டே பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதுவியுங்கள். எழுத மறுத்தால் அதுவும் ஒரு பதில். வெப்பத் தாளில் அடிக்கும் பற்றுச்சீட்டு ஒரு வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே படம் எடுத்து வையுங்கள். கடை கைவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. தாமதிக்காமல், எழுத்தில், பற்றுச்சீட்டின் பிரதியுடன் கொடுப்பது நல்லது. நாங்கள் அதைச் செய்யவில்லை. 14 மாதமாகிவிட்டது என்று கடையில் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் இயந்திரம் பற்றியும் சொல்லவேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பெட்டியோடு வந்தாலும் இங்கே ஓடாது. இலண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்தது ஓடும், பாகம்தான் கிடைக்காது. பெரியப்பா மகனிடம் கப்பல் செலவுக்குக் கொடுக்கும் காசை இங்கேயே அனுப்பச் சொல்வது புத்தி. கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

தவணை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு மட்டும். ரொக்க விலை 100,000 ரூபா. முற்பணம் 20,000. மாதம் 4,800 வீதம் 24 மாதம். கடைக்காரர் சொல்லுவது "மாதம் 4,800 தானே அக்கா." 4,800 ஐ 24 ஆல் பெருக்கினால் 115,200. முற்பணத்துடன் 135,200. 35,200 ரூபா கூட. அந்தக் காசுக்கு ஸ்டெபிலைசரும் தொட்டி உயர்த்தும் வேலையும் முடிந்துவிடும். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் சில கடைகளில் கல்குலேற்றரைத் தேடுவார்கள். உங்கள் கையிலிருக்கும் தொலைபேசியிலேயே பெருக்கிப் பாருங்கள்.

வாடகைக் கொள்வனவு முறையில் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் உங்களுடையதல்ல. 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இப்படியான உடன்படிக்கைகளுக்கானது. கையெழுத்து வைக்கும் தாள் உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாசிப்பித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். பிணைக்குக் கையெழுத்து வைத்த அயல் வீட்டுக்காரியின் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

நுண்கடன் எங்கள் மாவட்டங்களில் என்ன செய்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2018 ஆம் ஆண்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களை அரசாங்கமே அடைக்க முன்வரவேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. கிழமைக் கடனை எடுத்து இயந்திரத்தின் முற்பணம் கட்டுவதும், இயந்திரத் தவணைக்காக நகையை வைப்பதும் அதே கிணறுதான். நேரம் இருக்கிறதென்றால் சீட்டுப் பிடித்து ரொக்கமாக வாங்குங்கள். இரண்டாவது தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம். 11 மாதம் எடுத்தது. அந்த 11 மாதமும் பெட்ஷீற்றுகளை நானும் அத்தானும் தோய்த்தோம். அத்தான் முதல் கிழமை பின்வளவில், பிறகு கிணற்றடியில், பிறகு யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

இப்போது

நாங்கள் வாங்கியது 9 கிலோ டொப் லோட். செமி ஓட்டோதான் மலிவு, பழுதும் குறைவு. ஆனால் அம்மாவால் தூக்க முடியாது. தொட்டியை 12 அடித் தூணில் ஏற்றினோம். அழுத்தம் குறைந்த நாளில் மூடியைத் திறந்து வாளியாலும் ஊற்றலாம் என்பதைக் கடையிலேயே தண்ணீர் கேட்டு ஊற்றிப் பார்த்துத்தான் எடுத்தோம். விற்பனையாளருக்கு அது பிடிக்கவில்லை. அம்மம்மாவின் விரிப்புகளை மட்டும் முதலில் அலசி, அடுப்பில் சுடவைத்த தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு இயந்திரத்தில் போடுகின்றோம். கை வேலை முழுதாகப் போய்விடவில்லை.

கார்த்திகை தொடக்கம் தை வரை கொடியில் எதுவும் காயாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை மணித்தியாலத்தில் காய்வது, மாரியில் இரண்டு நாள் தொங்கும். அந்தக் காலத்தில் இரண்டாவது தடவை பிழியும் சுற்றை மட்டும் போட்டு, சீருடையை மின்விசிறிக்குக் கீழே விரித்தால் விடியக் காய்ந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த வீடுகள் நிறைய. தண்ணீரில் நின்ற இயந்திரத்தை வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பது மிகவும் ஆபத்து. திறந்து, மோட்டாரையும் கம்பிகளையும் துடைத்துக் காயவைத்து, தெரிந்தவர் சோதித்த பிறகே பிளக்கில் போடவேண்டும். வெள்ளம் வராத வீட்டிலும் ஒரு அடி உயரச் சீமெந்து மேடை கட்டுவது இலாபம். அடிப்பக்கத்துக்கு இரும்பு வலை அடியுங்கள். எலி உள்ளே போய்க் கம்பியைக் கடிப்பது இங்கே சாதாரணம். கழிவுத் தண்ணீரைக் கிணற்றுக்குக் கிட்ட விடாமல் நீட்டுக் குழாய் போட்டு வாழைக்குத் திருப்பினோம். வாழை நன்றாகவே நிற்கின்றது.

பழைய இயந்திரத்தை இரும்புக்காரர் நிறை போட்டு எடுத்துக்கொண்டு போனார். துருப்பிடிக்காத ட்ரம்மை மட்டும் அத்தான் கழற்றி வைத்துக்கொண்டார். பின்வளவில் மூன்று கல்லின் மேல் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கரி போட்டு மீன் சுடுகிறோம்.